துணுக்காய், மாந்தை கிழக்குச் சிறுகுளங்களின் புவியியல் தரவுகளை இணையத்தில் எங்கே, எவ்வாறு தேடுவது?

மல்லாவி மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்காக, முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய், மாந்தை கிழக்கு ஆகிய இரு பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் உள்ள சிறுகுளங்களின் நீர்ப்பரப்பு, காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையில் எவ்வாறு கூடிக் குறைகிறது என்பதை நான் வரைபடமாக்க வேண்டியுள்ளது. குளங்களின் எல்லைகள், அவற்றுக்கு நீர் வந்து சேரும் வடிநிலத்தின் எல்லைகள், கிராம அலுவலர் பிரிவுகளின் எல்லைகள், சில ஆண்டுகளுக்கான செய்மதிப் படங்கள் ஆகியவை எனக்குத் தேவைப்படுகின்றன. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை ஓரளவு பயன்படுத்தத் தெரியும்.

தேடுபொறியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிப் பார்த்தேன். குளங்களின் ஒளிப்படங்களும், கலிங்கு திறக்கப்பட்ட செய்திகளும், மாவட்டச் செயலகங்களின் புள்ளிவிபரக் கையேடுகளும் கிடைக்கின்றனவே தவிர, மென்பொருளில் திறக்கக்கூடிய கோப்பு எதுவும் கிடைக்கவில்லை. வவுனிக்குளம் என்று தேடினால் வவுனியா மாவட்டத்தைப் பற்றியவையே முன்னுக்கு வருகின்றன. சில அரச இணையத்தளங்களில் வரைபடம் திரையில் தெரிகிறது, ஆனால் அதைத் தரவிறக்கம் செய்ய வழியில்லை. இத்தகைய தரவுகள் இணையத்தில் உண்மையிலேயே இல்லையா, அல்லது நான் தேடும் முறையில்தான் குறை உள்ளதா என்பதை அனுபவமுள்ள அண்ணாமாரோ அக்காமாரோ சொன்னால் பேருதவியாக இருக்கும். எங்கள் பகுதியில் இணைய வேகம் குறைவு என்பதால் மிகப் பெரிய கோப்புகளை இறக்குவதும் கடினம்.

அறிவியல்நகர் நிலவரை எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நீங்கள் கேட்டவற்றில் பெரும்பகுதி இணையத்தில் இருக்கிறது. ஆனால் அது பொதுத் தேடுபொறியின் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. தேடுபொறி எழுத்துகளைப் படிக்கிறது. புவியியல் தரவுக் கோப்புக்குள் இருப்பவையோ ஆள்கூறுகளும் எண்களும்தான். அந்தக் கோப்பை வெளியிட்டவர், அது எந்த இடத்தை, எந்தக் காலத்தை, எந்தப் பொருளைப் பற்றியது என்று ஒரு விவரக்குறிப்பு எழுதி வைத்திருந்தால் அந்தக் குறிப்பைத்தான் நாம் தேட முடியும். குறிப்பு எழுதப்படாத தரவு இருந்தும் இல்லாததற்குச் சமம். நீங்கள் பார்த்த அரச வரைபடத் தளங்களின் சிக்கலும் இதுவே. பக்கம் திறந்த பிறகுதான் வரைபடம் வேறொரு சேவையகத்திலிருந்து வந்து வரையப்படுகிறது, ஆகவே தேடுபொறிக்கு அங்கே படிப்பதற்கு எழுத்து எதுவும் இல்லை.

ஆகவே சொல்லைத் தேடுவதற்கு முன்னர், இந்தத் தரவை யார் சேகரிக்கிறார்கள், அவர்கள் எந்தத் தரவுப் பட்டியலில் வெளியிடுகிறார்கள் என்ற கேள்வியைக் கேளுங்கள். பட்டியலுக்குள் சென்ற பிறகும் பெயரைத் தட்டச்சு செய்வதை விட, வரைபடத்தில் செவ்வகம் ஒன்றை வரைந்து அதற்குள் அடங்குபவற்றைக் கேட்பதே நம்பகமானது. உங்கள் இரு பிரிவுகளுக்கும் கிழக்கு நெட்டாங்கு 80.1 முதல் 80.5 வரையும், வடக்கு அகலாங்கு 8.9 முதல் 9.3 வரையும் போதுமானது. இந்த நான்கு எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செய்மதித் தரவுத் தளங்கள் ஏறக்குறைய அனைத்தும் இவற்றை ஏற்றுக்கொள்ளும், ஊர்ப்பெயரின் எழுத்துப்பிழையால் வரும் தொல்லையும் இருக்காது.

நிருவாக எல்லைகளுக்கு, ஐக்கிய நாடுகள் மனிதாபிமான விவகாரங்களுக்கான ஒருங்கிணைப்பு அலுவலகம் 2014இல் தொடங்கிய ஹியூமனிடேரியன் டேட்டா எக்ஸ்சேஞ்ச் என்ற தளத்துக்குச் செல்லுங்கள். நாட்டின் பெயரையும் நிருவாக எல்லை என்பதையும் ஆங்கிலத்தில் கொடுத்தால் மாகாணம், மாவட்டம், பிரதேச செயலாளர் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு என்ற எல்லா மட்டங்களும் ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பாகக் கிடைக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் குறியீடு ஒன்று இருக்கும். அந்தக் குறியீட்டைக் கொண்டே அட்டவணைகளை இணையுங்கள், பெயரைக் கொண்டு இணைக்க வேண்டாம். இங்கே ஒரு பொறி இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். தொகைமதிப்புத் திணைக்களத்தின் மாவட்ட எண்களில் 42 மன்னார், 43 வவுனியா, 44 முல்லைத்தீவு, 45 கிளிநொச்சி. ஐஎஸ்ஓ 3166-2 என்ற சர்வதேச நியமத்திலோ 42 கிளிநொச்சி, 43 மன்னார், 44 வவுனியா, 45 முல்லைத்தீவு. யாழ்ப்பாணம் மட்டும் இரண்டிலும் 41. இரண்டு மூலங்களிலிருந்து வந்த அட்டவணைகளைச் சரிபார்க்காமல் இணைத்தால் மென்பொருள் எந்தப் பிழையும் காட்டாது, ஆனால் முல்லைத்தீவின் குளங்கள் வவுனியாவின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

நீர்ப்பரப்புக்கு, ஐரோப்பிய ஆணைக்குழுவின் கூட்டு ஆய்வு நிலையம் வெளியிட்டுள்ள உலக மேற்பரப்பு நீர்த் தரவுத் தொகுதியே உங்கள் ஆய்வுக்கு மிகப் பொருத்தமானது. 1984ஆம் ஆண்டிலிருந்து லான்ட்சாட் செய்மதிகள் எடுத்த படங்களைக் கொண்டு, 30 மீற்றர் அளவுள்ள ஒவ்வொரு சதுரத்திலும் எத்தனை வீதமான காலம் நீர் நின்றது, எந்த மாதங்களில் நின்றது என்பதை அது தருகிறது. காலபோகம், சிறுபோகம் என்ற உங்கள் கேள்விக்கு மாதவாரியான அடுக்கு நேரடியாகவே விடை சொல்லும். எனினும் ஆம்பலும் பாசியும் நீர்ச்செடிகளும் மூடிய குளத்தை அது நிலம் என்றே எண்ணிக்கொள்ளும். நமது சிறுகுளங்களில் பலவற்றின் அலைகரையோரம் அப்படித்தான் இருக்கிறது என்பதால், கிடைக்கும் பரப்பு உண்மையை விடக் குறைவாக இருக்கும் என்று எதிர்பாருங்கள். ஹைட்ரோலேக்ஸ் என்ற தொகுதியையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அது 10 ஹெக்டேயருக்குக் குறையாத நீர்நிலைகளை மட்டுமே கொண்டது, ஆகவே வவுனிக்குளத்துக்கு உதவும், உங்கள் சிறுகுளங்களில் பெரும்பாலானவற்றுக்கு உதவாது.

வடிநில எல்லையைக் கணிக்க உதவும் தரையுயரத் தரவைத் தரவிறக்கும்போது, தரவு வெட்டி வைக்கப்பட்டுள்ள சதுரத் துண்டுகளின் பெயர்கள் குழப்பத்தை உண்டாக்கும். மேற்சொன்ன நீர்த் தொகுதியில் துண்டின் பெயர் அதன் மேல் இடது மூலையைக் குறிக்கிறது, எனவே உங்களுக்கு வேண்டியது கிழக்கு 80, வடக்கு 10 என்ற துண்டு. எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் பெயர் கீழ் இடது மூலையைக் குறிக்கிறது, எனவே அங்கே வேண்டியது வடக்கு 9, கிழக்கு 80. வடிநிலம் தெற்கே 9 பாகைக்கு அப்பாலும் நீளக்கூடும் என்பதால் வடக்கு 8, கிழக்கு 80 என்ற துண்டையும் சேர்த்து எடுங்கள். நிருவாக எல்லையோடு தரவை வெட்டிவிட்டு வடிநிலம் கணித்தால் மேல்நீரோட்டம் அறுந்துபோகும்.

எஸ்ஆர்டிஎம் தரவைக் கொண்டு குளத்தின் ஆழத்தையோ கொள்ளளவையோ கணிக்க முயல வேண்டாம் என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். அது 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து அளக்கப்பட்டது. வடகீழ்ப் பருவமழை முடிந்து குளங்களில் நீர் நிற்கும் காலம் அது. ஆகவே தரவில் இருப்பது நீரின் மேற்பரப்பே தவிரக் குளத்தின் அடி அன்று. காட்டுப் பகுதியில் மர உச்சியின் உயரமும் கலந்திருக்கும். வன்னியின் தட்டையான நிலத்தில் இரண்டு மூன்று மீற்றர் பிழைகூட நீரோட்டத்தின் திசையையே மாற்றிவிடக் கூடியது.

செய்மதிப் படங்களுக்கு, கோப்பர்னிக்கஸ் டேட்டா ஸ்பேஸ் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். 2015இல் ஏவப்பட்ட சென்டினல்-2இலிருந்து இன்று வரையான படங்கள் 10 மீற்றர் துல்லியத்தில் உள்ளன. நமது பகுதியின் துண்டுகள் 44பி என்று தொடங்கும். முழுத் துண்டும் ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் வரக்கூடும், ஆனால் அதே தளத்தின் உலாவியில் உங்கள் செவ்வகத்தை மட்டும் வெட்டி, வேண்டிய அலைக்கட்டுகளை (நிறப் பட்டைகளை) மட்டும் இறக்கும் வசதி இருக்கிறது. உங்கள் இணைய வேகத்துக்கு அதுவே ஏற்றது. 2015க்கு முந்தைய காலத்துக்கு அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனத்தின் ஏர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் லான்ட்சாட் படங்கள் உள்ளன. 2008இலிருந்து அவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

பாலியாற்றங்கரை எழுதியது:

மேலே அறிவியல்நகர் நண்பர் எழுதியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் பொதுத் தேடுபொறியை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. தேடலை ஒரு தளத்துக்குள் மட்டும் அடக்கும் சைட் என்ற கட்டளையையும், கோப்பு வகையைக் குறிக்கும் ஃபைல்டைப் என்ற கட்டளையையும் சேர்த்துப் பயன்படுத்தினால் நிலைமை வெகுவாக மாறும். இலங்கை அரச தளங்களுக்குள் மட்டும், எக்செல் அல்லது கேஎம்எல் வகைக் கோப்புகளை மட்டும் தேடுங்கள். செய்திகளும் ஒளிப்படங்களும் அப்போதே விலகிவிடும். கூகுள் 2018இல் தொடங்கிய டேட்டாசெட் சேர்ச் என்ற தனித் தேடலும் இருக்கிறது. வெளியீட்டாளர் தமது பக்கத்தில் உரிய அமைப்பில் விவரக்குறிப்பைப் பொதித்திருந்தால் மட்டுமே அது காட்டும் என்பதால், உலகளாவிய தொகுதிகளும் பல்கலைக்கழக ஆய்வுத் தரவுகளும் அதில் நன்றாகக் கிடைக்கும், நமது மாவட்ட மட்டத் தரவுகள் குறைவாகவே கிடைக்கும்.

பெயர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வன்னியில் தேடுவோர் அதிகம் தடுக்கி விழுவது அங்கேதான். ரோமன் எழுத்தில் முல்லைத்தீவு என்பதை ஒரு டி இட்டும், இரண்டு டி இட்டும், டி எச் இட்டும் எழுதியிருக்கிறார்கள். பெயரின் முதல் ஐந்தாறு எழுத்துகளை மட்டும் கொடுத்துத் தேட அனுமதிக்கும் பட்டியல்களில் அவ்வாறே செய்யுங்கள். மன்னாரின் கட்டுக்கரைக்குளத்தைத் தேடுபவர் அதே பெயரில் தேடினால் ஆங்கில வரைபடங்களில் எதுவும் வராது. அங்கே அது ஜயன்ட்ஸ் டாங்க், சிங்கள அட்டவணைகளில் யோத வெவ. மாந்தை கிழக்கு முல்லைத்தீவு மாவட்டத்திலும் மாந்தை மேற்கு மன்னார் மாவட்டத்திலும் இருப்பதால், மாந்தை என்று மட்டும் தேடி எடுத்த அட்டவணையில் இரண்டும் கலந்திருக்கும். வவுனிக்குளம் பெயரால்தான் வவுனியாவை ஒத்திருக்கிறது, அது இருப்பதோ உங்கள் மாந்தை கிழக்கில். புதுக்குளம், பெரியகுளம், பிள்ளையார்குளம் போன்ற பெயர்களோ எத்தனை இடங்களில் இருக்கின்றன என்பதை நீங்களே அறிவீர்கள்.

பழைய தரவைத் தேடுவதாக இருந்தால் மாவட்டங்களின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். முல்லைத்தீவு 1978இல்தான் தனி மாவட்டமாயிற்று, கிளிநொச்சி 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது. ஆகவே 1981ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் கிளிநொச்சியைத் தேடினால் அது யாழ்ப்பாணத்துக்குள் இருக்கும். 2001ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு வன்னியின் பெரும்பகுதியில் நடைபெறவில்லை என்பதால், 1981க்குப் பிறகு நாடு முழுவதற்கும் முதன்முதலாக முழுமையாகக் கிடைப்பது 2012ஆம் ஆண்டுத் தரவே. உங்களுக்குக் கிடைக்கும் எல்லை அடுக்கு எவ்வளவு பழையது என்று அறிய விரும்பினால், முல்லைத்தீவு மாவட்டத்தில் வெலிஓயாவையும் சேர்த்து ஆறு பிரதேச செயலாளர் பிரிவுகள் காட்டப்பட்டுள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள். குறைந்திருந்தால் அது இன்றைய எல்லை அன்று.

யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் பற்றி மேலே யாரும் சொல்லவில்லை. குளத்தின் வெளிவடிவமும் பெயரும் ஒருங்கே கிடைக்கும் இடம் அதுதான். ஓவர்பாஸ் டர்போ என்ற பக்கத்தில் உங்கள் பகுதியைத் திரையில் வைத்துக்கொண்டு, இயற்கை நீர்நிலை என்ற வகையைக் கேட்டால் சில விநாடிகளில் ஜியோஜேசன் என்ற வரைபடக் கோப்பாக இறக்கலாம், அளவும் மிகச் சிறியது. தமிழ்ப் பெயருக்குத் தனிப் புலம் இருக்கிறது. யாரும் நிரப்பாத இடங்களை நீங்களே நிரப்பலாம், மல்லாவியில் இருந்துகொண்டு அதைச் செய்ய உங்களை விடப் பொருத்தமானவர் யார்? ஆனால் அது தன்னார்வலர்கள் செய்மதிப் படத்தைப் பார்த்து வரைந்தது. படம் மாரியில் எடுக்கப்பட்டிருந்தால் குளம் பெரிதாகவும், கோடையில் எடுக்கப்பட்டிருந்தால் சிறிதாகவும் வரையப்பட்டிருக்கும். அந்த எல்லையைக் குளத்தின் நிறைமட்டம் என்று எடுத்துக்கொள்வது தவறு. உரிமத்தின்படி மூலத்தைக் குறிப்பிடவும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. போர் முடிந்த பின்னர் மீள்குடியேற்றக் காலத்தில் பல நிறுவனங்கள் வன்னியை வரைபடமாக்கின. திட்டம் முடிந்ததும் தளங்களும் மூடப்பட்டுவிட்டன. இணைப்பு இறந்துவிட்டது என்று திரும்பிவிடாமல், அந்த முகவரியைப் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் இட்டுப் பாருங்கள், பக்கம் மட்டுமன்றிச் சில வேளைகளில் கோப்பும் சேமிக்கப்பட்டிருக்கும். ரிலீஃப்வெப் தளத்தின் வரைபடப் பகுதியில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளியான வன்னி வரைபடங்கள் பிடிஎஃப் வடிவில் இன்றும் இருக்கின்றன. அவற்றைக் கியூஜிஐஎஸ்ஸில் ஆள்கூறு பொருத்திப் பின்னணியாக வைத்துக்கொள்ளலாம்.

களத்தில் நிற்பவன் எழுதியது:

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். தரவைச் சரிபார்க்கக் குளக்கட்டுகளுக்கு நேரில் செல்வீர்கள் என்று நினைக்கிறேன். அபாயகரமான பகுதிகள் என்று இணையத்தில் கிடைக்கும் பழைய வரைபடங்களையோ அடுக்குகளையோ நம்பி, எங்கே நடக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் பணியின் விவரம் தொடர்ந்து மாறிக்கொண்டிருப்பது. அது தேசிய கண்ணிவெடி நடவடிக்கை மையத்திடம் உள்ளது. மாவட்டச் செயலகத்திலோ பிரதேச செயலகத்திலோ கேட்டு, அந்தக் கிராமத்தின் கமக்காரர் அமைப்பைச் சேர்ந்த ஒருவரோடு செல்லுங்கள். காட்டோரக் குளங்களுக்கு யானைக்காகவும் அவ்வாறு செல்வதே நல்லது.

மல்லாவி மாணவி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கிராம அலுவலர் பிரிவு எல்லைகளும், நீர்ப்பரப்புத் தரவும், ஓபன்ஸ்ட்ரீட்மேப் குளங்களும் இறங்கிவிட்டன, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவும் செய்கின்றன. இப்போது மூன்று சிக்கல்கள் எஞ்சியுள்ளன.

பழைய திட்ட அறிக்கை ஒன்றின் பின்னிணைப்பில் சிறுகுளங்களின் பெயரும் கிழக்கு, வடக்கு ஆள்கூறுகளும் அட்டவணையாக உள்ளன. இலங்கை ஆள்கூற்று முறையைத் தெரிவுசெய்து அவற்றை ஏற்றினால், புள்ளிகள் எல்லாம் கொழும்புக்கு மேற்கே கடலுக்குள் விழுகின்றன. வேறொரு இடத்தில் கிடைத்த வாய்க்கால் அடுக்கு சரியான இடத்தில் வருகிறது, ஆனால் எல்லாமே ஒரே பக்கமாக ஓரிரு நூறு மீற்றர் தள்ளி நிற்கின்றன. மூன்றாவதாக, நவம்பர் முதல் ஜனவரி வரையான சென்டினல்-2 படங்களில் முகில்தான் தெரிகிறது. குளம் நிரம்பும் காலமே அதுதான் என்பதால் அதை விட்டுவிடவும் முடியாது.

அறிவியல்நகர் நிலவரை எழுதியது:

முதலிரண்டு சிக்கல்களுக்கும் வேர் ஒன்றே. இலங்கையில் இரண்டு தேசிய ஆள்கூற்று வலைகள் புழக்கத்தில் உள்ளன. பழையது கந்தவல என்ற ஆதாரத்தை, அதாவது ஆள்கூறுகளை அளப்பதற்கான அடிப்படையை (டேட்டம்), கொண்டது. கிளிநொச்சியின் கண்டாவளையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது நீர்கொழும்புப் பக்கத்து இடம். புதியது எஸ்எல்டி99 என்பது. இரண்டுக்கும் மையம் பிதுருதலாகலை மலையே, ஆனால் பழைய வலையில் அந்த மையத்துக்குக் கிழக்கு 200,000, வடக்கு 200,000 என்ற எண்களையும், புதிய வலையில் 500,000, 500,000 என்ற எண்களையும் கொடுத்திருக்கிறார்கள். பழைய எண்களைப் புதிய வலையின் எண்கள் என்று மென்பொருளுக்குச் சொன்னால், ஒவ்வொரு புள்ளியும் மேற்கே 300 கிலோமீற்றரும் தெற்கே 300 கிலோமீற்றரும் நகர்ந்துவிடும். உங்கள் குளங்கள் கடலில் விழுந்ததன் காரணம் அதுவே. ஆள்கூற்று முறைகளை மென்பொருள் அடையாளம் காணும் ஈபிஎஸ்ஜி எண் பழைய வலைக்கு 5234, புதியதற்கு 5235. அட்டவணையை 5234 என்று மீண்டும் ஏற்றுங்கள்.

இனி எந்த அட்டவணை கிடைத்தாலும், ஏற்றுவதற்கு முன்னர் எண்களைக் கண்ணால் பார்த்தே வலையை இனங்காணலாம். துணுக்காய்ப் பக்கத்துப் புள்ளி பழைய வலையில் கிழக்கு ஏறக்குறைய 150,000, வடக்கு 430,000 என்ற அளவில் இருக்கும். புதிய வலையில் அவை 450,000, 730,000 என்ற அளவில் வரும். வடக்கு எண் பத்து இலட்சத்தை ஒட்டி இருந்தால் அது யூடிஎம் 44 வடக்கு என்ற சர்வதேச வலை, அதன் எண் 32644.

வாய்க்கால் அடுக்கு சிறிதளவு மட்டும் தள்ளி நிற்பதற்கு, அது கந்தவல ஆதாரத்தில் உள்ள அகலாங்கு நெட்டாங்குகளை, ஜிபிஎஸ் பயன்படுத்தும் உலகப் பொது ஆதாரமான டபிள்யூஜிஎஸ்84 என்று யாரோ அடையாளமிட்டு வெளியிட்டிருப்பதே பெரும்பாலும் காரணமாகும். இரண்டு ஆதாரங்களும் பூமியை வெவ்வேறு நீள்கோளமாகக் கொள்கின்றன, அந்த வேறுபாடு நமது நாட்டில் ஓரிரு நூறு மீற்றராக வெளிப்படும். அடுக்கின் ஆள்கூற்று முறையைக் கந்தவல அகலாங்கு நெட்டாங்குக்கான 4244 என்று திருத்தி அமைத்து, பிறகு டபிள்யூஜிஎஸ்84க்கு மாற்றிச் சேமியுங்கள். அடையாளத்தைத் திருத்துவதும் ஆள்கூறுகளை மாற்றுவதும் வெவ்வேறு கட்டளைகள் என்பதைக் கவனத்தில் வையுங்கள். செய்மதிப் படத்தில் தெளிவாகத் தெரியும் துருசு (மதகு) ஒன்றையோ ஏ9 வீதியின் பாலம் ஒன்றையோ வைத்துச் சரிபார்த்தால் ஐயம் தீரும். கையால் இழுத்து நகர்த்திப் பொருத்த வேண்டாம். அவ்வாறு பொருத்தியதை அடுத்தவரிடம் கொடுக்கும்போது அவர் என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள்.

முகிலுக்கு மாற்று சென்டினல்-1. அது ராடார் என்பதால் முகிலையும் இரவையும் ஊடுருவிப் பார்க்கும், 2014இலிருந்தான படங்கள் அதே கோப்பர்னிக்கஸ் தளத்தில் உள்ளன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கிய 2018 டிசம்பரையும் அதில் தேடிப் பார்க்கலாம். அமைதியான நீர் ராடாரில் கருமையாகத் தெரியும். ஆனால் நீர் கட்டிய வயலும் கருமையாகவே தெரியும், காற்றில் அலையடிக்கும் குளமோ வெளுத்துத் தெரியும். இதற்கு எளிய வழி, ஏற்கெனவே இறக்கிய நீர்த் தொகுதியில் இதுவரை நீர் எட்டிய உச்ச எல்லை என்றொரு அடுக்கு இருக்கிறது. அதைச் சற்று விரித்து, அதற்குள் விழும் கருமையை மட்டும் குளமென்று கணக்கிடுங்கள்.

ஓய்வுநிலை கமநல உத்தியோகத்தர் எழுதியது:

பிள்ளை, இந்த உரையாடலைப் படித்துக்கொண்டு வந்தேன். செய்மதி எல்லாவற்றையும் சொல்லும், ஒரு குளம் எந்தக் கமக்காரர் அமைப்புக்கு உரியது, எத்தனை ஏக்கர் வயலுக்கு அது நீர் பாய்ச்சுகிறது, இப்போது கைவிடப்பட்டதா திருத்தப்பட்டதா என்பதை மட்டும் சொல்லாது. நீங்கள் தேடும் சிறுகுளப் பட்டியலை இணையத்தில் எவ்வளவு தேடினாலும் முழுமையாகக் கிடைக்காது. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் தரும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பவை. அவற்றின் விவரங்கள் அந்தந்தக் கமநல சேவை நிலையத்தின் பதிவேடுகளில் உள்ளன. வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தை அணுக வேண்டும், சிறுகுளங்களுக்கு அங்கே சென்று காத்திருப்பதில் பயனில்லை. பழைய 1:50,000 வரைபடத் தாள்களும் அவற்றின் இலக்கமுறை வடிவமும் வேண்டுமானால் நில அளவைத் திணைக்களத்தில் விலைக்குக் கிடைக்கும். குளங்களின் பெயரைச் சரிபார்க்க அந்தத் தாள்களுக்கு நிகராக வேறொன்றை நான் கண்டதில்லை.

முதலில் துறைத்தலைவரின் கடிதத்தோடு நேரில் சென்று கேளுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தமிழிலேயே, குறித்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பியுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். எந்த வடிவில் வேண்டும் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். வடிவத்தைச் சொல்லாமல் விட்டால் அச்சிட்ட தாள்களின் நிழற்பிரதி வரும், அதை நீங்கள் மறுபடியும் தட்டச்சு செய்ய நேரிடும்.

குளங்களின் பட்டியல் என்று பொதுவாகக் கேட்க வேண்டாம். துணுக்காய், மாந்தை கிழக்குப் பிரிவுகளில் உள்ள ஒவ்வொரு சிறுகுளத்துக்கும் அதன் பெயர், கிராம அலுவலர் பிரிவின் பெயரும் குறியீடும், ஆள்கூறுகள், அவை எந்த வலையைச் சேர்ந்தவை, நீர்ப்பாசனப் பரப்பு ஏக்கரில், கடைசியாகத் திருத்தப்பட்ட ஆண்டு, இவ்வளவும் எக்செல் கோப்பாக மின்னஞ்சலிலோ இறுவட்டிலோ வேண்டும் என்று எழுதுங்கள். எந்த வலை என்ற கேள்விக்கு அலுவலகத்தில் உடனே விடை கிடைக்காமல் போகலாம். மேலே தம்பி சொன்னது போல எண்களைப் பார்த்து நீங்களே கண்டுகொள்ளலாம் என்பதால், அந்த ஒன்றுக்காக மற்றவற்றைத் தாமதிக்க விடாதீர்கள்.